குன்றாண்டார் காவலும் ஊரார் பணமும்

புதுக்கோட்டை மாவட்டத்திலே, கீரனூரை அடுத்து, ஒரு பாறைக் குன்று. குன்றைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டளவில் ஒரு கோயில் எடுத்தனர். உள்ளே அமர்ந்த இறைவனுக்குக் குன்றாண்டார் என்று பெயர். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. பிற்காலத்தார் அந்தக் கோயிலின் முன்னே நூற்றுக்கால் மண்டபம் ஒன்றைக் கட்டினர். தேர் வடிவிலே கட்டினர். கல்லிலே சக்கரம், கல்லிலே குதிரை. சக்கரம் சுழலாது, குதிரை நகராது; ஆனாலும் பாய்ந்து புறப்படும் தோற்றம் குறையாது. சிற்பியின் கைத்திறனை வியக்கலாம், வியக்கத்தான் வேண்டும்.

ஆனால் நான் இன்று பேச வந்தது சிற்பத்தைப் பற்றி அன்று. அந்தப் பாறையிலும் சுவரிலும் எழுத்துகள் உள்ளன. பல்லவர் காலந்தொட்டு விசயநகரத்தார் காலம்வரை வெட்டப்பட்ட எழுத்துகள். பக்தர் அவற்றின்மீது திருநீற்றைத் துடைத்துவிட்டுப் போகிறார். புலவர் படியெடுத்து நூலில் அச்சிட்டுவிட்டு ஓய்கிறார். அவற்றுள் ஒன்றையேனும் நாம் நிதானமாகப் படிக்கவேண்டும், தோழர்களே! ஏனெனில் அது சாமியைப் பற்றிய செய்தியன்று. காவலைப் பற்றிய செய்தி. ஊரைக் காப்பது யார், காப்பதற்குப் பணம் தருவது யார், காக்கவேண்டியவனே அழிக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்ற செய்தி.

அப்பகுதியை ஆண்ட அரையர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. தங்களுக்குள் ஆயுதம் ஏந்திச் சண்டையிட்டாலும், தத்தம் காவலுக்கு உட்பட்ட ஊர்களை அழிப்பதில்லை. வழிப்போக்கருக்கும் பணிசெய்வோருக்கும் குடிகளுக்கும் தீங்கிழைப்பதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். மீறியவன் தனியாளாயின் ஒரு தண்டம்; ஊரே திரண்டு மீறினால் அதனினும் பெரிய தண்டம்.

சண்டையை நிறுத்துவதாக அவர்கள் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்! சண்டை இருக்கும், அது அவர்களுடைய தொழில், பெருமை, பொழுதுபோக்கு. குடியானவனின் கூரையை மட்டும் கொளுத்தமாட்டோம் என்கிறார்கள். அப்படி எழுதி வைக்க நேர்ந்தது என்றால், அதற்குமுன் எத்தனை கூரைகள் எரிந்திருக்கவேண்டும்! கல்வெட்டு எரிந்த கூரைகளை எண்ணிச் சொல்லவில்லை. கல்வெட்டுகளுக்கு அந்த வழக்கம் இல்லை.

இந்த அரையர்களுக்குக் காவல் உரிமை எப்படி வந்தது? அந்த உரிமைக்குப் பாடிகாவல் என்று பெயர். பாடி என்றால் குடியிருப்பு. அதன் காவல் பாடிகாவல். சோழர் ஆட்சியிலே அது வரிகளுள் ஒன்றாக இருந்தது. ஊரார் தந்தனர், அரசு பெற்றது, அரசின் ஆட்கள் காத்தனர். காத்ததாகக் கணக்கு இருந்தது. சோழப் பேரரசு தளர்ந்தது. பாண்டியர் எழுந்தனர், அவரும் தமக்குள் பொருதித் தேய்ந்தனர். 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைவரை வந்து மீண்டது. அதன்பின் மதுரையில் சுல்தான்கள் சில பத்தாண்டுகள் ஆண்டனர். அவரை விசயநகரத்தார் வென்றனர். மேலே மணிமுடி மாறிக்கொண்டே இருந்தது. கீழே குடியானவன் வரப்பிலே நின்று, விளைந்ததை அறுக்கும்வரையாவது உயிரோடு இருப்போமா என்று ஏங்கினான்.

அந்த ஏக்கத்துக்கு ஒரு விலை உண்டாயிற்று. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள் பலவற்றில் அந்த விலையைக் காணலாம். ஊரார் ஒன்றுகூடி, இன்ன அரையருக்கு எங்கள் ஊரின் பாடிகாவலை விற்றோம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வயலுக்கு இத்தனை கதிர்க்கட்டு, இத்தனை நெல் என்று ஆண்டுதோறும் அளப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். ஒருகாலத்தில் அரசின் கடமையாக இருந்தது, இப்போது தனியார் வாங்கவும் விற்கவும் கூடிய சொத்து. நிலத்தை விற்பதுபோல், மாட்டை விற்பதுபோல், தங்களைக் காக்கும் உரிமையை விற்றார்கள்! விற்றவர் காசு பெற்றது ஒருமுறை. வாங்கியவர் கதிர் பெற்றது தலைமுறை தலைமுறையாக.

இங்கே ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. காவலர் இவ்வாறு பெற்ற பங்குக்கு அந்நாளைய வழக்கில் சுதந்திரம் என்று பெயர்! பாடிகாவல் சுதந்திரம், அரசு சுதந்திரம் என்றெல்லாம் ஆவணங்கள் பேசும். ஊர்த் தொழிலாளருக்குக் களத்துமேட்டில் அளந்த நெல்லுக்கும் சுதந்திரம் என்ற சொல்லே வழங்கிற்று. பிறன் வயலில் ஒருவனுக்குள்ள உரிமைப் பங்கு என்று பொருள். வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லை நாம் பின்னாளில் நாட்டு விடுதலைக்குச் சூட்டினோம். பொருள் முழுவதும் மாறிவிட்டதா என்ற ஐயம் சிற்சில சமயங்களில் எனக்கு எழுவதுண்டு.

இன்னொரு சொல், மானியம். இன்று டில்லி அரசு மாநிலத்துக்குத் தருவதும் மானியம். மாநில அரசு ஊராட்சிக்குத் தருவதும் மானியம். இதுவும் வடசொல்லே, மதிப்புக்குரியது என்பது அதன் வேர்ப்பொருள். அரசன் ஒருவனை மதித்து அளித்த வரியில்லா நிலம் மானியம் ஆயிற்று. எனவே அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் உயர்ந்த கையும் ஒரு தாழ்ந்த கையும் ஒளிந்திருக்கின்றன. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. கொடுக்கப்படும் பொருள் முதலில் யாருடைய வயலில் விளைந்தது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் நுழைய இடமே இல்லை.

தொண்டைமான்களின் ஆட்சி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே புதுக்கோட்டையில் வேர்கொண்டது. அந்த அரசின் அமைப்பே மானியத்தின்மீது நின்றது. படைக்கு ஆள் தரவேண்டியவர்களுக்கு நிலம். அதற்கு அமரம் என்று பெயர். கோயிலுக்கு நிலம், பார்ப்பனருக்கு நிலம், அரண்மனை ஊழியருக்கு நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டின் பயிர் நிலத்தில் பாதிக்கு மேற்பட்டது இப்படி வரியில்லாத அல்லது வரி குறைந்த மானிய நிலமாக இருந்தது என்று வரலாற்றாய்வாளர் கணக்கிடுகின்றனர். எஞ்சிய நிலத்தை உழுதவன்தான் எல்லாருடைய காவலுக்கும் எல்லாருடைய சாப்பாட்டுக்கும் வரி செலுத்தினான். அவனுக்கும் கீழே, நிலமே இல்லாதவன் கூலியில்லாமல் வெட்டிவேலை செய்தான். அமஞ்சி என்பது அதற்குப் பெயர். காவலுக்குக் கதிர் தர வயல் இல்லாதவனைப் பாடிகாவல் ஓலையில் யார் சேர்த்துக் கொள்வார்? ஊர் என்று கல்வெட்டு சொல்லும்போது சேரியையும் சேர்த்தா சொன்னது? குன்றாண்டார் கல்லை மெச்சும்போது இந்தக் கேள்வியை மறக்கலாகாது.

தொண்டைமானுக்கும் ஒரு மானியம் கிடைத்தது. கொடுத்தவன் வெள்ளைக்காரன்! 1799-இல் கும்பினிப் படை துரத்த ஓடிவந்த கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமைக் காட்டிலே பிடிபட்டான். தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். பின்னர் மருதுபாண்டியரை அடக்கிய போரிலும் புதுக்கோட்டைப் படை கும்பினியின் பக்கமே நின்றது. 1803-இல் கும்பினி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த நிலப்பகுதியையும் தொண்டைமானுக்கு அளித்தது. நிபந்தனை என்ன தெரியுமா? ஆண்டுக்கொரு யானை! யானையை யாரும் கேட்டதுமில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. 1836-இல் முறைப்படி தள்ளுபடி செய்துவிட்டனர். கேட்காத யானையைக் காட்டி முப்பதாண்டுக்குமேல் ஒருவனைக் கடன்பட்டவனாகவே வைத்திருக்க முடிந்தது. நிபந்தனையுள்ள மானியத்தின் பயன் அது.

மருதிருவர் தூக்கிலிடப்பட்ட 1801-ஆம் ஆண்டின் இறுதியிலேயே கும்பினியார் தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று ஆணையிட்டனர். பாளையக்காரர் பெற்றுவந்த தேசகாவல், தலக்காவல் வருவாயைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டனர். 1816-இல் சட்டம் செய்து ஊர்க்காவலை மணியக்காரரின் கீழ் வைத்தனர். காவற்பணம் கருவூலத்துக்குப் போய்விட்டது. காவல் ஊருக்குத் திரும்பி வந்ததா? தலையாரி ஒருவன் தடியோடு நின்றான். மற்ற இடங்களிலே பழைய காவற்காரரே சட்டத்துக்கு வெளியே காவற்கூலி வாங்கினர். கூலி தராதவன் மாடு இரவிலே காணாமற் போயிற்று. துப்புக்கூலி தந்தால் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஒரே ஊருக்கு இரட்டைச் செலவு: சர்க்காருக்கு வரி, காவற்காரருக்குக் கூலி.

இந்த இரட்டைச் செலவை எதிர்த்து 1896-இல் ஓர் இயக்கம் எழுந்தது. மதுரை, திண்டுக்கல் பக்கத்திலே, அம்மையப்பக் கோன் என்பவரின் முயற்சியில் ஊரார் பண்டு ஒன்று சேர்த்தனர். வீட்டுக்கு வீடு பணம்; மாடு களவு போனால் துப்புக்கூலிக்குப் பதிலாக அந்தப் பண்டிலிருந்து ஈடு. எவ்வளவு எளிய யோசனை! இன்றைய காப்புறுதித் திட்டத்தின் கரு அதிலே இருக்கிறது. அரசு செய்யவேண்டியதைக் குடியானவர்கள் தாமே செய்தனர்.

ஆனால் அந்த நல்ல யோசனை எங்கே போய் முடிந்தது? சாதிச் சண்டையில்! பழைய காவற்கூலி முறையை எதிர்க்கத் தொடங்கியவர்கள், கள்ளர் என்ற ஒரு சாதியையே எதிர்க்கத் திரும்பினர். வீடுகள் எரிந்தன, ஊரைவிட்டு மக்கள் துரத்தப்பட்டனர். பண்டுக் கலகம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. பிறகு வந்தது வெள்ளையன் சட்டம். 1871-இல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. தலைமுறை தலைமுறையாகக் காவல் தொழில் செய்தவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று ஏட்டில் எழுதிக் கைரேகை எடுத்தனர். கைரேகை தர மறுத்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. பிறப்பாலே ஒருவனைப் பூசுரன் என்பதும், பிறப்பாலே ஒருவனைத் திருடன் என்பதும் ஒரே மடமையின் இரு முகங்கள். மனுநீதி முன்னதைச் சொன்னது, துரைத்தனச் சட்டம் பின்னதைச் சொன்னது.

கள்வனிடமிருந்து காப்பது ஒரு காவல். பஞ்சத்திலிருந்தும் புயலிலிருந்தும் காப்பது வேறொரு காவல். பின்னதைப் பற்றி நம் முன்னோர் கல்வெட்டுகளில் அதிகம் பேசவில்லை. ஏரியும் மதகும் வெட்டியதைச் சொன்னார்கள், மழை பொய்த்தால் ஊழ்வினை என்றார்கள். புராணிகர் கலிகாலம் என்றார். சோதிடர் கிரகத்தைக் காட்டினார். 1876-இல் தாது வருடப் பஞ்சம் வந்தபோது, சென்னை மாகாணத்திலே பல இலட்சம் மக்கள் மடிந்தனர். கிரகம் கோபித்ததனாலா மடிந்தனர்? மழை பொய்த்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று என்பதும் உண்மை. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை இந்திய அரசின் தூதராக வந்து, நிவாரண வேலை செய்யும் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பசித்தவன் அதைத் தின்றுவிட்டு மண் வெட்டவேண்டும்! மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது பட்டினிக்கணக்கு என்று எதிர்த்து வாதாடினார். வெள்ளையரிலும் கணக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பஞ்சம் ஓய்ந்தது. இனி இப்படி நேராமல் இருக்க நிதி ஒன்று சேர்ப்போம் என்றார் இராசப்பிரதிநிதி லிட்டனின் நிதியமைச்சர் ஜான் ஸ்ட்ரேச்சி. பஞ்சக் காப்பு நிதி. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய். அதற்கென்றே வணிகர்மீது புதிய உரிமவரி போட்டனர், சில மாகாணங்களில் நிலத்தின்மீதும் கூடுதல் தீர்வை போட்டனர். மக்கள் கொடுத்தனர். கொடுத்த மை உலரும் முன்னே, 1879-இல், ஆப்கானியப் போருக்குப் பணம் தேவைப்பட்டது. பஞ்சக் காப்பு ஒதுக்கீடு நின்றது! பசிக்கென்று வாங்கிய பணம் துப்பாக்கிக்கு வழிவிட்டது. தாதாபாய் நவுரோசி போன்றோர் இதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தனர். அந்த ஒன்றரைக் கோடி, பாடிகாவலின் பழைய கதையைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிற்று: காக்க வாங்குவது, வேறொன்றுக்குச் செலவிடுவது.

அந்தக் கதை வெள்ளையரோடு கப்பலேறிவிட்டது என்று எண்ணவேண்டா. செல்வத்திலே உலகில் முதல்நாடு எனப்படும் அமெரிக்காவைப் பாருங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்றே ஒரு புதிய துறையை அமைத்தனர். வெள்ளம், புயல் முதலியவற்றைக் கவனித்துவந்த நிறுவனத்தை 2003-இல் அதற்குள் அடக்கினர். மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் மானியத்தை அள்ளி வழங்கினர். ஆனால் பெரும்பங்கு பயங்கரவாதத் தடுப்புக்கென்று முத்திரை குத்திய பணம். 2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரீனா புயல் வந்தது. நியூ ஆர்லியன்சு நகரைக் காத்த கரைகள் உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வண்டியில்லாத ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், கூரைமீது நின்று கையசைத்தனர். பகைவனைத் தேடிய கண்ணுக்கு உடையும் கரை தெரியவில்லை. எதற்கென்று முத்திரை குத்தி மானியம் தருகிறார்களோ, அதைத்தான் வாங்குபவன் பார்ப்பான். ஊரின் உண்மையான ஆபத்து எதுவாயினும் சரி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1948 மார்ச்சு 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974-இல் தனி மாவட்டமாயிற்று. குன்றாண்டார்கோவில் இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர். அரையர் போய் ஆணையர் வந்தார். காவற்பணத்தின் பாதையும் நீண்டது: ஊரிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டில்லிக்கு, டில்லியிலிருந்து திரும்பவும் சென்னை வழியாக ஊருக்கு. போகும்போது அதன் பெயர் வரி. திரும்பி வரும்போது அதன் பெயர் மானியம்!

அந்தப் பாதையை இளைஞர்கள் அறிந்திருக்கவேண்டும். 1957-இல் இரண்டாவது நிதிக்குழு, இயற்கைப் பேரிடர் செலவுக்கென்று மாநிலங்கள் ஒரு சிறு தொகையை ஒதுக்கிவைக்க வழிசெய்தது. 1990-இல், ஒன்பதாவது நிதிக்குழுவின் பரிந்துரையால், மாநிலந்தோறும் பேரிடர் நிவாரண நிதி என ஒன்று ஏற்பட்டது. நூற்றுக்கு 75 பங்கு ஒன்றிய அரசு, 25 பங்கு மாநிலம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கி ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போன பிறகு, 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் வேண்டுமென்றது. மாவட்டந்தோறும் திட்டம் எழுதவேண்டுமென்றது. நிவாரண முகாமில் உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்த அளவு வரையறுக்க வேண்டுமென்றது. டெம்பிள் துரையின் ஒரு பவுண்டை எண்ணிப் பாருங்கள். நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில் அதுவரை வந்திருக்கிறோம். அந்தச் சட்டத்தின்படி 2010 முதல் மாநிலப் பேரிடர் நிதி, தேசியப் பேரிடர் நிதி என்று இரண்டு பைகள். முதல் பை மாநிலத்தின் கையில். அது போதாதபோது இரண்டாவது பையை நாடவேண்டும். நாடுவதென்றால் மனு அனுப்பவேண்டும், குழு வரும், பார்க்கும், போகும், பின்னர் உயர்மட்டக் குழு கூடித் தீர்மானிக்கும்.

பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு, மாநிலங்களின் பேரிடர் நிதிக்கென்று மொத்தம் 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதை எப்படிப் பங்கிட்டது என்பதே நம் கருத்துக்குரியது. ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உடனடி நிவாரணத்துக்கு 40 காசு. இடிந்ததைக் கட்ட 30 காசு. ஆபத்து வருமுன் அதன் வேகத்தைக் குறைக்கும் பணிகளுக்கு 20 காசு. ஆயத்தத்துக்கும் பயிற்சிக்கும் 10 காசு. இருபதும் பத்தும் போதா எனலாம். எனினும், வருமுன் காப்பதற்கென இப்படித் தனிப் பங்கு வகுக்காத பழைய முறையைவிட இது முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் கசா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிற்று. கடலோரத்தோடு நிற்கவில்லை, புதுக்கோட்டைச் சீமையைக் கிழித்துக்கொண்டு மேற்கே சென்றது. கடலே காணாத ஊர்களிலே மின்கம்பங்கள் முறிந்தன, பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் போர்க்களமாகக் கிடந்தன. கொத்தமங்கலத்திலே குடிநீரும் உதவியும் வரவில்லை என்று குமுறிய மக்களின் கோபத்தில் அரசு வாகனங்கள் தீப்பற்றின. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வண்டி எரிந்ததை எழுதியவர்கள், வண்டி வருவதற்குமுன் என்ன நேர்ந்தது என்பதையும் எழுதியிருக்கவேண்டும்.

முன்னெச்சரிக்கை வேலை செய்தது என்பதும் உண்மை. புயலின் பாதையை வானிலை அறிஞர் முன்கூட்டிச் சொன்னார்கள். கடலோரத்திலிருந்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முகாமுக்குக் கொண்டுபோயினர். அதனால் பிழைத்த உயிர்கள் பல. யாகம் வளர்த்துத் தடுத்ததல்ல, கணக்குப் போட்டுத் தடுத்தது! ஆனால் கணக்குக் கடலோரத்தோடு நின்றுவிட்டது. உள்நாட்டிலே காற்று இவ்வளவு பலமாக இருக்கும் என்று எண்ணி ஆயத்தம் செய்திருந்தால், இருளிலே பல நாள் கிடந்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசு கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். ஒன்றிய அரசு முதலில் 353.70 கோடி விடுவித்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று தேசிய நிதியிலிருந்து 1,146.12 கோடிக்கு ஒப்புதல் தந்தது. கேட்பவர் கூட்டித்தான் கேட்பார் என்று சொல்வோர் உண்டு. இருக்கட்டும். ஒரு தென்னை மரத்தின் கணக்கைப் பார்ப்போம், அதில் கூட்டிக் கேட்க இடமில்லை. பேரிடர் நிதியின் அந்நாளைய விதிப்படி, நீண்டகாலப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். அதுவும் இரண்டு ஹெக்டேருக்கு மேல் இல்லை. ஒரு ஹெக்டேரில் சுமார் 175 தென்னை நிற்கும். மரத்துக்கு என்ன விழுகிறது? 103 ரூபாய்! பத்தாண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்துக்கு 103 ரூபாய். மாநில அரசு தன் பொறுப்பில் உயர்த்தி, மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என 1,100 அறிவித்தது. 103-க்கும் 1,100-க்கும் இடையிலுள்ள தொகையை மாநிலமே தேடிக்கொள்ளவேண்டும். விதி எழுதியவர் தென்னையை அறிந்தவரல்லர் போலும். அல்லது அறிந்தும், தென்னை எங்கே விளைகிறது என்பதையும் அறிந்திருந்தார் போலும்.

ஐந்தாண்டு கழித்து அதே காட்சி. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலால் சென்னையும், பெருமழையால் தூத்துக்குடி, நெல்லைச் சீமையும் மூழ்கின. தமிழ்நாடு 37,907 கோடி கேட்டது. மாநில நிதிக்குரிய ஒன்றியத் தவணைகள் வந்துவிட்டன என்று டில்லி சொன்னது. தேசிய நிதி வேண்டி மாநில அரசு உச்சநீதிமன்றப் படியேறியது. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து வந்தது ஏறத்தாழ 276 கோடி. இடையிலே, கொடுத்தோம் என்று ஒரு தரப்பும், வரவில்லை என்று ஒரு தரப்பும் மேடை மேடையாகப் பேசின. எந்தப் பை, எந்தத் தவணை, எவருடைய பங்கு என்பதை அறியாத குடிமகன் இரண்டையும் கேட்டுத் தலையாட்டினான். இந்தப் பைகளின் பெயர்களை இவ்வளவு நீட்டி நான் எழுதியதற்குக் காரணம் அதுவே. கணக்கு அறியாதவனுக்குக் கொடுத்ததும் தெரியாது, பறித்ததும் தெரியாது.

குன்றாண்டார்கோவில் அரையர்கள் தங்கள் உடன்படிக்கையைப் பாறையிலே வெட்டி வைத்தனர். மீறினால் என்ன தண்டம் என்பதையும் சேர்த்து வெட்டினர். பேரிடர் நிதியைக் கையாள்வோர் தவறினால் தண்டம் என்ன என்பதை நம் ஊர்ச்சாவடியில் எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பேரிடர்ச் சட்டம் வந்த அதே 2005-ஆம் ஆண்டிலேதான் தகவல் உரிமைச் சட்டமும் வந்தது. மாவட்டப் பேரிடர்த் திட்டத்தின் படி எங்கே, ஆயத்தத்துக்கென்று வந்த பத்துக் காசு எந்த ஊரில் எந்த மதகுக்கு, எந்தப் பள்ளிக் கூரைக்கு, எந்தப் பயிற்சிக்குச் செலவாயிற்று, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கு அதில் பங்கு எவ்வளவு என்று யாரும் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லவேண்டியதில்லை. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் விடை தரவேண்டும்; வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. கீரனூர்ப் பக்கத்து இளைஞர் பத்துப் பேர், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஆளுக்கொரு ஊராட்சியாக எடுத்துக்கொண்டு அந்த மனுக்களை எழுதி அனுப்பட்டும். வரும் விடைகளை கிராமசபையில், சேரியும் ஊரும் ஒன்றாய் அமர்ந்த கூட்டத்தில், உரக்கப் படிக்கட்டும்.